முதல்ல டிக்கியைத் திறங்க சார்!

நம் வீடுகளில் கார் வாங்குவதும் மாப்பிள்ளை பார்ப்பதும் ஒன்று. ஆளுக்கொரு அபிப்பிராயம். அப்பாவுக்கு மைலேஜ் முக்கியம். அம்மாவுக்கு, டெலிவரி ராகுகாலத்தில் வரக்கூடாது. மனைவிக்கு மெரூன் கலர். மச்சினனுக்கு சன்ரூஃப் - சென்னை வெயிலில்! எல்லோரும் பேசி முடித்து, நாலு எலுமிச்சம்பழத்தை நசுக்கி வண்டியை வீட்டு வாசலில் நிறுத்திய பிறகுதான், உள்ளே இன்னொரு வண்டி இருப்பது சில வீடுகளில் ஞாபகத்துக்கு வரும். நாலு சக்கரம், ரெண்டு பாட்டரி, கைப்பிடியில் ஒரு ஜாய்ஸ்டிக். எலெக்ட்ரிக் வீல்சேர்.

புதுக் காருக்குள் அது போகாது.

'மடிச்சுப் போட்டா போச்சு' என்பீர்கள். மடிக்கிற வீல்சேர் பிறந்ததே காருக்காகத்தான். சுரங்க விபத்தில் முதுகெலும்பு ஒடிந்த ஹெர்பர்ட் எவரெஸ்ட் என்ற அமெரிக்கருக்காக, ஹாரி ஜென்னிங்ஸ் என்ற எஞ்சினீயர் நண்பர் 1930-களில் செய்து கொடுத்தது அது. குறுக்கே எக்ஸ் மாதிரி கம்பி வைத்து மடக்கினார், காருக்குள் போனது. பிற்பாடு அதே நாற்காலிக்கு மோட்டாரும் பாட்டரியும் வந்து சேர்ந்தன. பழையபடி காருக்கு வெளியே நின்றுவிட்டது!

எடைக் கணக்கைப் பாருங்கள். கையால் தள்ளும் சாதா வீல்சேர் 15-லிருந்து 20 கிலோ. லித்தியம் பாட்டரி போட்ட மடிப்பு ரகம் 25, 30 கிலோ. அதாவது ஒரு நிரம்பிய கேஸ் சிலிண்டர். சமாளிக்கலாம். லெட் ஆசிட் பாட்டரி ரெண்டு வைத்த கெட்டியான ரகம் 50, 60 கிலோவைத் தாண்டும். முதுகைச் சாய்த்துப் படுக்க வைக்கிற வசதியெல்லாம் உள்ளது 100 கிலோவுக்கு மேல். டிக்கியில் ஏற்றுவதற்கு முன்பு பயில்வானைக் கூப்பிட வேண்டும்.

'அப்படின்னா வெளியே போறப்ப லேசான தள்ளு நாற்காலியை எடுத்துட்டுப் போயிடலாமே?' பெரும்பாலான வீடுகளில் இதைத்தான் செய்கிறார்கள். இங்கேதான் விஷயமே இருக்கிறது.

என் ஆபீஸ் நண்பர் ஒருவரின் அண்ணனுக்குத் தசைச் சிதைவு நோய். அறிவாளி, வாயாடி, இன்கம்டாக்ஸ் கணக்கில் புலி. 60 கிலோ எலெக்ட்ரிக் நாற்காலியில் வீடு முழுக்க ரவுண்டு அடிப்பார். காலிங்பெல் அடித்தால் முதலில் வந்து கதவைத் திறப்பவர் அவர்தான். ஆனால் கல்யாணம், காட்சி என்றால், 'நீங்க போயிட்டு வாங்கடா, நான் மேட்ச் பார்க்கிறேன்' என்பார். கிரிக்கெட் பைத்தியம் என்றே எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தோம். ஒருநாள் நான் வற்புறுத்திக் கேட்டபோது சொன்னார்:

"அந்தத் தள்ளு நாற்காலியில போனா, எந்தப் பக்கம் பார்த்து நிறுத்துறாங்களோ அந்தப் பக்கம்தான் சார் எனக்குக் கல்யாணம். போன தடவை ரெண்டு மணி நேரம் ஜெனரேட்டரைப் பார்த்துட்டு உட்கார்ந்திருந்தேன். தண்ணி வேணும்னாலும் யாரையாவது கூப்பிடணும். வீட்ல நான் மனுஷன். வெளியே போனா லக்கேஜ்."

இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. கனமான அந்த நாற்காலிதான் அவருக்குக் கால். அதை வீட்டில் விட்டுவிட்டு ஆளை மட்டும் கூட்டிப்போவது, செருப்பைக் கொண்டுபோய் காலை விட்டுவிட்டுப் போகிற மாதிரி. ஆகவே இப்படிப்பட்ட குடும்பத்தில் கார் பார்க்கும்போது முதல் கேள்வி மைலேஜ் இல்லை. 'இந்த நாற்காலி உள்ளே போகுமா? யார் ஏற்றுவது?' இந்த இரண்டும்தான்.

ஷோரூமில் கேட்டுப் பாருங்கள். "341 லிட்டர் பூட் ஸ்பேஸ் சார்!" என்பார் டை கட்டிய இளைஞர். வேகன் ஆரின் டிக்கிக் கணக்கு அது. லிட்டர் என்பது தண்ணீருக்குச் சரி. எந்த மூலையிலும் நுழைந்துகொள்ளும். நாற்காலிக்கு நீளம், அகலம், உயரம் வேண்டும். ஆகவே பத்து ரூபாய் பேனாவோடு ஒரு இஞ்ச் டேப்பையும் பையில் போட்டுக்கொண்டு போங்கள். முதுகை மடக்கி, கால்பலகையைக் கழற்றியபின் நாற்காலியின் அளவு என்ன என்பதை வீட்டிலேயே குறித்துக்கொள்ளுங்கள். காரில் அளக்க வேண்டியது உள்பக்கத்தை மட்டுமல்ல, முக்கியமாக வாசலை. டிக்கி திறப்பின் உயரம், குறுகலான இடத்தில் அதன் அகலம், தரையிலிருந்து டிக்கி விளிம்பு எவ்வளவு உயரம் - இந்த மூன்றும். செடான் கார்களில் உள்ளே ஊரையே வைக்கலாம், வாசல்தான் தபால்பெட்டி.

டேப் பிடிக்கக் கூச்சமாக இருந்தால், நாற்காலி சைஸுக்கு ஒரு அட்டைப்பெட்டி செய்து எடுத்துப் போங்கள். அதைவிட உத்தமம், நாற்காலியையும் அதற்கு உரியவரையும் நேரிலேயே கூட்டிப்போவது. கார் யாருக்காக வாங்குகிறோமோ அவரை வீட்டில் வைத்துவிட்டு டெஸ்ட் டிரைவ் போகிற குடும்பங்கள் எத்தனையோ!

இன்னும் சில கண்ணிவெடிகள். சி.என்.ஜி. காரில் பெட்ரோல் செலவு மிச்சம், ஆனால் பல மாடல்களில் சிலிண்டர் டிக்கியில்தான் குடித்தனம். ஏழு சீட் எர்டிகாவில் எல்லா சீட்டும் நிமிர்ந்திருந்தால் டிக்கி 209 லிட்டர்தான். மூன்றாவது வரிசையைச் சாய்த்தால்தான் இடம். பின்சீட் பாதி பாதியாக மடங்குமா, மொத்தமாகவா என்று பாருங்கள். மொத்தமாக மடங்கினால் நாற்காலி போகும், மாமியார் வர முடியாது. (சிலர் இதை ஒரு வசதியாகக் கருதக்கூடும். நான் எதுவும் சொல்லவில்லை!)

அடுத்தது, ஏற்றுவது. சாய்பலகை போட்டு உருட்டலாம். டிக்கி விளிம்பு 60 சென்டிமீட்டர் உயரம் என்று வையுங்கள். ஆறடிப் பலகை போட்டால் ஏற்றம் மூன்றுக்கு ஒன்று. திருநீர்மலை படி மாதிரி இருக்கும். ஆறுக்கு ஒன்று என்று சற்றே சாதுவாக வேண்டுமானால் பலகை 3.6 மீட்டர், அதாவது பன்னிரண்டு அடி. காரே ஏறக்குறைய அவ்வளவு நீளம்தான்! மாம்பலம் சந்தில் அதை விரித்தால் போக்குவரத்து நின்றுவிடும். ஒரு தந்திரம் உண்டு. காரின் பின்பக்கத்தை மேடான நடைபாதைக்கு நேராக நிறுத்துங்கள். நடைபாதை 15 சென்டிமீட்டர் உயரம் என்றால், ஏற வேண்டியது 45 தான். பலகையில் கால்வாசி மிச்சம்.

சாய்பலகையில் ஏற்றும்போது 'கியரை' விடுவித்துத் தள்ளாதீர்கள். மோட்டாரின் பிரேக் விட்டுப்போய், நாற்காலி உங்கள் மேலேயே வந்து உட்காரும். பக்கத்தில் நடந்தபடி ஜாய்ஸ்டிக்கால் மெள்ள ஓட்டுங்கள். தூக்குவதாக இருந்தால் பாட்டரிகளை முதலில் கழற்றுங்கள். ஒவ்வொன்றும் பத்து கிலோ குறையும். கைப்பிடியைப் பிடித்துத் தூக்கவே தூக்காதீர்கள். அது கழன்று வருவதற்காகவே செய்தது. கையோடு வரும், நாற்காலி காலில் விழும்.

100 கிலோ ரகம் என்றால் டிக்கிக்குள் பொருத்தும் குட்டி கிரேன் உண்டு. பட்டனை அழுத்தினால் தூக்கி உள்ளே வைக்கும். ஆனால் பாடியை வெட்டி, ஒட்டி மாற்றுவதற்கு முன் ஆர்.டி.ஓ. அனுமதி வாங்கிவிடுங்கள். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு அதற்கு வழி வைத்திருக்கிறது. 2019 திருத்தத்தில் 'இன்வாலிட் கேரேஜ்' என்ற பழைய பெயரை எடுத்துவிட்டு 'அடாப்டட் வெஹிக்கிள்' என்று கௌரவமாக மாற்றியிருக்கிறார்கள். அனுமதி இல்லாமல் புதுப்பேட்டையில் வெல்டிங் வைத்துவிட்டு, பிறகு இன்ஷூரன்ஸ்காரரிடம் மல்லுக்கட்டாதீர்கள்.

ஏற்றியாகிவிட்டதா? கட்டுங்கள்! வீல்சேர் கட்டும் பட்டைகளை மணிக்கு 48 கிலோமீட்டர் வேக மோதலில், புவியீர்ப்பைப் போல 20 மடங்கு விசையில் சோதிக்கிறார்கள். அந்தக் கணத்தில் 60 கிலோ நாற்காலி 1,200 கிலோவாக முன்னால் பாயும். முன்சீட்டில் இருப்பவர் நீங்கள். முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு என நாலு மூலையிலும் பட்டை வேண்டும். சாமான் கட்டும் பிளாஸ்டிக் கயிறு ஆகாது.

நாற்காலியில் உட்கார்ந்தபடியே காருக்குள் போக முடியாதா? ஜப்பானில் முடியும். சுஸுகியின் ஸ்பேசியா என்ற 3.4 மீட்டர் குட்டிக் காரில் பின்தரையைத் தாழ்த்தி, சாய்பலகையோடு கம்பெனியே விற்கிறது. 2001-ல் ஸ்டீபன் ஹாக்கிங் மும்பை வந்தபோது மஹிந்திரா நிறுவனம் அவர் நாற்காலிக்கு ஏற்றபடி ஒரு வண்டியை மாற்றிக் கொடுத்தது. ஆக, நம் ஊர் ஆட்களுக்குக் கைவேலை தெரியாமல் இல்லை. வரிசையில் நிற்பவர் ஹாக்கிங்காக இல்லாதபோதும் அந்த அக்கறை வரவேண்டும்.

சரி, நண்பர் வீட்டில் என்ன ஆயிற்று? சன்ரூஃப் கனவை மூட்டை கட்டினார்கள். உயரமான கூரை, சறுக்குக் கதவு உள்ள ஈகோ ஒன்றைப் பழசாக வாங்கி, ஒரு மடிப்பு அலுமினியப் பலகையும் நாலு பட்டையும் சேர்த்தார்கள். பார்க்க ஸ்கூல் வேன் மாதிரி இருக்கிறது என்று மச்சினன் மூன்று நாள் பேசவில்லை. அடுத்த முகூர்த்தத்தில் அண்ணன் ஜாய்ஸ்டிக்கைத் தட்டியபடி மண்டபத்துக்குள் நுழைந்தார். பிறகு தேடினால் ஆளைக் காணோம். முதல் பந்தியில், பாயசத்தோடு இருந்தார்.

மெரினாவில் 2022-ல் அலைக்கு அருகே வரை 263 மீட்டர் நீள மரப்பாதை போட்டார்கள். டிசம்பரில் மாண்டஸ் புயல் அதைப் பெயர்த்தது. மறுபடி சரி செய்தார்கள். நாற்காலியில் இருப்பவரும் கடலை அருகில் பார்க்கட்டும் என்று ஊரே பலகை போடுகிறது. அந்தப் பலகை வரை கொண்டுபோய்ச் சேர்க்கிற வேலை நம்முடையது.

2025 செப்டம்பர் 22 முதல் சின்னக் கார்களின் ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவீதமாக இறங்கியிருக்கிறது. மிச்சமாகிற பணத்துக்கு ஸ்பீக்கர் மாட்டலாம் என்று யோசிக்கிற மச்சினன்களே... சாய்பலகை!