என்னத்தச் செஞ்சு என்ன ஆகப்போகுது?



திண்டுக்கல் மாவட்டம் நிலக்கோட்டைப் பூ மார்க்கெட்டுக்கு வரும் மல்லிகை மொட்டு, பொழுது விடியுமுன் டார்ச் வெளிச்சத்தில் பறித்தது. ஈரச் சாக்கோடு கமிஷன் கடைத் தராசில் ஏற்றும்வரை அன்றைய விலை பறித்தவருக்குத் தெரியாது. முகூர்த்த நாளில் கிலோ ஆயிரத்தைத் தாண்டும்; வரத்து கூடினால் பறிகூலிக்கே கட்டாது. உழைப்பு என்னவோ இரண்டு நாளும் ஒன்றுதான். "என்னத்தச் செஞ்சு என்ன ஆகப்போகுது?" என்ற பேச்சு அங்கே அடிக்கடி காதில் விழும். மனச்சோர்வில் கிடப்பவர்களும் இதையேதான் சொல்கிறார்கள்.

இந்த நினைப்பு எப்படி வருகிறது என்று காட்டும் ஒரு சோதனையை, அமெரிக்க உளவியலாளர்கள் மார்ட்டின் செலிக்மனும் ஸ்டீவன் மேயரும் 1967இல் வெளியிட்டார்கள். என்ன செய்தாலும் மின் அதிர்ச்சியை நிறுத்த முடியாமல் தவித்த நாய்களை, எளிதாகத் தாண்டித் தப்பக்கூடிய பெட்டியில் விட்டார்கள். பெரும்பாலானவை தாண்டவில்லை, படுத்துக்கொண்டன. கொடுமையான சோதனைதான். பயனில்லை என்று அவை கற்றுக்கொண்டுவிட்டன என்றார்கள். சில நாய்கள் மட்டும் முடங்கவே இல்லை. முடங்காதவர்களிடம் அப்படி என்ன இருக்கிறது என்ற கேள்வி செலிக்மனை விடவில்லை. 1998இல் அமெரிக்க உளவியல் சங்கத் தலைவரானதும், 'பாசிட்டிவ் சைக்காலஜி' என்ற துறையையே தொடங்கிவைத்தார்.

2016இல் அந்த இருவரும் தங்கள் பழைய விளக்கத்தைத் தாங்களே புரட்டிப் போட்டார்கள். துன்பம் நீண்டால் முடங்குவதுதான் மூளையின் இயல்பாம். நம்மால் முடியும் என்பதைத்தான் அது கற்க வேண்டியிருக்கிறதாம். வேலைக்குப் போகாமல் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கும் பிள்ளையைச் சோம்பேறி என்று ஏசுகிறவர்கள் இதைப் படிக்க வேண்டும். 'எப்பவும் சிரிங்க' என்று மேடையில் முழங்குகிற பேச்சாளர்களும்தான்.

நம்மால் முடியும் என்பதை எப்படிக் கற்பது? கோவாவில் ஆரம்ப சுகாதார நிலையங்களில் மனநல மருத்துவர் விக்ரம் படேல் குழுவினர் மனச்சோர்வு நோயாளிகளிடம் இதைச் செய்துபார்த்தார்கள். பயிற்சி பெற்ற உள்ளூர்க்காரர்கள் ஆறிலிருந்து எட்டு முறை உட்கார்ந்து பேசி, நோயாளி தன் கையால் முடிக்கக்கூடிய, மனதுக்குப் பிடித்த சின்ன வேலைகளைத் திட்டமிட்டுச் செய்யவைத்தார்கள். பலன் தெரிந்தது; 2017இல் 'லான்செட்' மருத்துவ இதழில் வந்தது. அதில் பாசிட்டிவ் சைக்காலஜி என்ற பெயர்ப்பலகை இல்லை. போகட்டும்.

பூ விலை நம் கைக்கு வராது. இப்படிச் சின்ன வேலைகள் செய்வதால் கடனும் அடையாது. ஆனால் தூக்கமும் பசியும் கெட்டு இரண்டு வாரம் ஓடிவிட்டால், திண்டுக்கல் அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவரைப் பாருங்கள். மாத்திரை தந்தால் கூசாமல் சாப்பிடுங்கள். 'டெலி மானஸ்' மனநல உதவி எண் 14416. இரவோ பகலோ, தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது.

அன்புடன்,
ஆசிரியர்