தருமம் அன்று, சந்தா

“இணையத்தில் இருப்பவை எல்லாம் இலவசந்தானே, அதற்கு எதற்குப் பணம்?” என்று நம்மிடையே படித்தவர்களே கேட்கின்றனர். கேட்பவர் ஒரு வியாபாரியாயின் நாம் வியப்படையமாட்டோம். உழைப்பின் பெருமையை மேடையிற் பேசும் ஆசிரியரும், அப்பேச்சுக்குக் கைதட்டும் மாணவரும் இவ்வாறு கேட்கும்போதே நமக்கு நாணம் உண்டாகிறது. அந்த நாணத்தில் நமக்கும் பங்குண்டு. ‘நூலகம்’ இணையத்தளத்திலிருந்து பழைய சஞ்சிகைகளை எடுத்து, உயர்தர வகுப்புகளில் ஈழத்து இலக்கியத்தைப் பல ஆண்டுகள் கற்பித்த நாம், அதற்கென ஒரு சதமேனும் கொடுத்தவர்கள் அல்லர்.

2005 இல் தொடங்கிய அம்முயற்சி, ஈழத்துத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் பத்திரிகைகளையும் பாடசாலை மலர்களையும் நினைவு மலர்களையும் எவரும் கட்டணமின்றிப் படிக்கத் தருகிறது. இலாபம் அதன் நோக்கமன்று. ஆயின் ஒரு பழைய சஞ்சிகை நம் கண்முன் தோன்றுமுன் நடப்பவை யாவை? எவரோ ஒருவர் அதனைத் தேடிச் சென்று ஒரு வீட்டுப் பரணிலிருந்து பெறுகின்றார். செல்லரித்த தாளைக் கிழியாது விரித்துப் பக்கம் பக்கமாக மின்வருடுகின்றார். விடுபட்ட பக்கம் உண்டாவென்று சரிபார்த்து, ஆசிரியர், ஆண்டு முதலிய விவரங்களைப் பதிந்து, எண்ணிட்டு வரிசைப்படுத்துகின்றார். இவற்றுக்கு மேலாக வழங்கிக் கணினிச் செலவு உண்டு. மின்சாரக் கட்டணம் உண்டு. பழுதுற்ற கருவிகளை மாற்றும் செலவும் உண்டு. நமக்கு இலவசமாகக் கிடைக்கும் ஒன்று இன்னொருவர் உழைப்பினாற் கிடைப்பதே. அவ்வுழைப்பைக் காண மறுப்பவர் சுரண்டலைப் பற்றிப் பேசும் தகுதியை இழக்கின்றார்.

நம்முடைய ஊர்களின் வாசிகசாலைகள் எவ்வாறு நடந்தன என்பதைச் சற்று நினைத்துப் பார்க்கவேண்டும். ஊரவர் மாதந்தோறும் சிறுதொகை சேர்த்துப் பத்திரிகை வாங்கினர். தோட்டத்தில் வேலை செய்பவரும் கடைச் சிப்பந்தியும் அங்கே வந்து படித்தனர். எவரும் அதனைத் தருமம் என்று கூறவில்லை; சந்தா என்றே கூறினர். யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் தொடக்கமும் அரச மாளிகையில் நிகழ்ந்ததன்று. 1933 இல் கே. எம். செல்லப்பா தமது வீட்டிலிருந்து புத்தகங்களை இரவல் கொடுக்கத் தொடங்கினார். அடுத்த ஆண்டு அது 844 நூல்களோடு ஓர் அறைக்கு மாறியது. முடிதிருத்தும் தொழிலாளியாயிருந்த டொமினிக் ஜீவா 1966 இல் ‘மல்லிகை’யைத் தொடங்கி, இதழ்களைத் தாமே சுமந்து வீதிகளில் விற்றார். வாசகர் கொடுத்த சில்லறைக் காசு அவ்விதழை நாற்பது ஆண்டுகளுக்கு மேல் வாழவைத்தது. அன்று அக்காசு கொடுக்கப்படாதிருந்தால், இன்று நாம் இலவசமாகப் படிப்பதற்கு ‘மல்லிகை’ இருந்திராது.

“இஃது அரசாங்கத்தின் கடமையன்றோ?” என்று நம் தோழர்களிற் சிலர் வினவுவர். கடமைதான், அதனைக் கேட்டுப் போராடவும் வேண்டும். ஆனால் 1981 மே முடிவிலும் யூன் தொடக்கத்திலும் பொலிசாரும் குண்டர்களும் யாழ்ப்பாணத்தில் நடத்திய வெறியாட்டத்தில், ஏறத்தாழ 97,000 நூல்களுடன் பொது நூலகம் எரிந்து சாம்பலாயிற்று. இதனைக் கண்ட மக்கள், தம் ஏடுகள் அனைத்தையும் அரசின் கையில் மட்டும் ஒப்படைத்துவிட்டு எவ்வாறு உறங்குவது? மேலும், தீண்டாமைக்கு எதிராக 1960களின் பிற்பகுதியில் இங்கே எழுந்த போராட்டங்களின் துண்டுப் பிரசுரங்களை அதிகாரிகள் முன்வந்து தேடிக் காப்பார்கள் என்று எதிர்பார்ப்பவர் உண்டோ?

வேறு சிலர், “வெளிநாட்டிலுள்ளோர் கொடுப்பார்கள்” என்பர். அவர்கள் கொடுப்பது நன்றே. ஆனால் அவர்கள் மட்டுமே கொடுத்தால், எதைக் காப்பது, எதைக் கைவிடுவது என்பதையும் நாளடைவில் அவர்களே முடிவு செய்வர். கோபுரத்துக்குக் கொடுத்தவர் கல்வெட்டிற் பெயர் கேட்பதை நாம் காணாததா? விளம்பரத்தை நம்பலாமென்பது அதனினும் கேடு. விளம்பரத்தாற் பிழைக்கும் தளம் தன் வாசகரையே விற்றுப் பிழைக்கிறது. விக்கிப்பீடியா விளம்பரமின்றி நிற்பது, உலகெங்கும் உள்ள வாசகர் பலர் சிறுசிறு தொகை கொடுப்பதனாலேயே. ஆயிரம் பேர் சிறிது கொடுத்தால் அவ்வாயிரம் பேருள் எவரும் அதற்கு எசமானர் ஆகமுடியாது.

“சம்பளம் அரிசிக்கே போதவில்லை” என்பது மூன்றாவது வாதம். இதனை நாம் எள்ளமாட்டோம். 2022 இன் நெருக்கடியின் சுமையை நாமும் சுமந்தோம். அவ்வாண்டிற்றான் தாள் தட்டுப்பாட்டினால் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைகளே ஒத்திவைக்கப்பட்டன. தாளும் புத்தகமும் எட்டாத விலைக்கு ஏறும் காலத்திலேதான் கட்டணமில்லா நூலகம் ஏழை மாணவனுக்கு இன்றியமையாததாகிறது. தேநீர்க்கடையில் ஒரு மாலையிற் செலவாகும் தொகையை மாதம் ஒருமுறை ஒதுக்க இயலாத ஆசிரியர் சிலரே. அதுவும் இயலாதவர் கொடுப்பதற்கு வேறொன்று உண்டு: வீட்டுப் பெட்டியிற் கிடக்கும் பழைய மலர், அல்லது விடுமுறையில் சில மணி நேர உழைப்பு.

ஆகவே நாம் சொல்வது இதுவே. ஒவ்வொரு பாடசாலையின் ஆசிரியர் அறையிலும், ஒவ்வொரு மாணவர் மன்றத்திலும் மாதச் சந்தா சேர்க்கப்படவேண்டும். சேர்ந்ததை அனுப்பியபின், அது எவ்வாறு செலவாயிற்று என்று கணக்குக் கேட்கவும் வேண்டும்; தருமம் செய்பவர் கேட்கக் கூசுவர், சந்தாதாரர் கூசவேண்டியதில்லை. 1981 இல் நூல்கள் எரிந்ததை ஊரே கண்டது. பணமின்றி ஓர் இணைய நூலகம் மூடப்படுமாயின் புகையும் எழாது, சாம்பலும் விழாது. ஒரு காலையில் மாணவன் தேடுவான், பக்கம் திறக்காது. அன்று குற்றஞ்சாட்ட நமக்கு எந்தக் குண்டர் கூட்டமும் அகப்படாது. இத்திங்கட் சம்பளத்திலிருந்தே நாம் நம் சந்தாவைத் தொடங்குகிறோம்.