ஆகஸ்ட் பிள்ளைக்கு எந்தப் பாடசாலை?

கடைக்குச் சரக்கு எடுக்கும்போது நாம் திகதி பார்க்காமல் எடுப்பதில்லை. தயாரித்த திகதி, காலாவதித் திகதி, கப்பல் வந்த திகதி, காசோலையில் போட வேண்டிய திகதி என்று எல்லாவற்றையும் பார்ப்போம். பிள்ளையைத் தனியார் பாடசாலையில் சேர்க்கும்போது மட்டும் ஒரு திகதியை நம்மில் பலர் பார்ப்பதில்லை. அது பிள்ளை பிறந்த திகதி. விண்ணப்பத்தில் எழுதுகிறோம், பிறப்புச் சான்றிதழின் பிரதியை இணைக்கிறோம், அத்தோடு மறந்துவிடுகிறோம்.

அரச பாடசாலையில் கணக்கு எளிது. எந்த வருடத்தில் தரம் ஒன்றில் சேர்கிறதோ அந்த வருடம் ஜனவரி 31ஆம் திகதி பிள்ளைக்கு ஐந்து வயது பூர்த்தியாகியிருக்க வேண்டும். ஆகவே பெப்ரவரியில் பிறந்த பிள்ளை வகுப்பில் மூத்தது, ஜனவரியில் பிறந்தது இளையது. ஆகஸ்டில் பிறந்த பிள்ளை நடுவில் நிற்கும், அதற்கு ஒரு பிரச்சினையும் இல்லை.

அதே பிள்ளையை பிரித்தானிய நாட்காட்டியில் நடக்கும் சர்வதேச பாடசாலைக்குக் கொண்டுபோனால் கணக்கு தலைகீழாகிறது. அங்கே வருடம் செப்டம்பரில் ஆரம்பமாகிறது, வயது எல்லை ஆகஸ்ட் 31. செப்டம்பரில் பிறந்தது வகுப்பில் மூத்தது, ஆகஸ்டில் பிறந்தது கடைக்குட்டி. 2020 ஆகஸ்ட் 20இல் பிறந்த ஒரு பிள்ளையை எடுத்துக்கொள்வோம். அரச பாடசாலையில் அது 2026ஆம் வருடம் ஐந்து வயதும் ஐந்து மாதமுமாகத் தரம் ஒன்றுக்குள் போகிறது. பிரித்தானியக் கணக்கில் 2024 செப்டம்பரிலேயே, நாலு வயது முடிந்து இரண்டு கிழமையில், ரிசெப்ஷன் வகுப்பில் உட்கார்ந்துவிடுகிறது. அடுத்த செப்டம்பரில், ஐந்து வயது முடிந்து இரண்டு கிழமையில், இயர் வன். பக்கத்துக் கதிரையில் இருக்கும் பிள்ளைக்கு ஏறக்குறைய ஆறு வயது. நாற்பது வயதுக்காரருக்கும் நாற்பத்தொரு வயதுக்காரருக்கும் வித்தியாசம் தெரியாது. ஐந்து வயதில் ஒரு வருடம் என்பது வாழ்ந்த காலத்தில் ஐந்திலொரு பங்கு.

இது இங்கிலாந்திலிருந்து நாம் பாடத்திட்டத்தோடு சேர்த்து இறக்குமதி செய்துகொண்ட பிரச்சினை. அங்கே ஏப்ரல் முதலாம் திகதி தொடக்கம் ஆகஸ்ட் 31 வரை பிறந்த பிள்ளைகளைக் கோடைப் பிள்ளைகள் என்கிறார்கள். ஹரோவில் குடியிருக்கும் என் தங்கச்சியின் மகள் வாயிலாகத்தான் இந்தச் சொல் என் காதில் விழுந்தது. இன்ஸ்டிடியூட் ஃபோர் பிஸ்கல் ஸ்டடீஸ் என்ற இலண்டன் ஆய்வு நிறுவனம் 2007இலும் 2013இலும் இதை ஆராய்ந்து அறிக்கை வெளியிட்டது. ஆகஸ்ட் பிள்ளைகள் சராசரியாக செப்டம்பர் பிள்ளைகளை விடப் பரீட்சைகளில் பின்தங்குகிறார்கள், வயது ஏற ஏற அந்த இடைவெளி குறைகிறது, ஆனால் பதினாறு வயதிலும் முழுதாக மறைவதில்லை என்று கண்டார்கள். பிள்ளைக்கு மூளை குறைவு என்பதல்ல இதற்குக் காரணம். பரீட்சைக்கு உட்காரும் நாளில் அதற்கு வயது குறைவு, பிரதான காரணம் அதுதான்.

அங்கே கட்டாயக் கல்வி வயது ஐந்தாவது பிறந்தநாளுக்குப் பிந்திய தவணையில்தான் ஆரம்பமாகிறது. எனவே கோடைப் பிள்ளையை ஒரு வருடம் தாமதித்து ரிசெப்ஷனிலேயே சேர்க்கும்படி அரச பாடசாலையில் பெற்றோர் கேட்கலாம், அனுமதி கொடுப்பதும் கொடுக்காததும் அனுமதி அதிகாரிகளின் முடிவு. தனியார் பாடசாலைகள் தாமே தீர்மானிக்கின்றன. என் மருமகள் அப்படி இரண்டு இடங்களில் கேட்டாள். ஒன்றில் உடனே சம்மதித்தார்கள், மற்றதில் முடியாது என்றார்கள். 2025 ஜனவரி முதல் அங்கே தனியார் பாடசாலைக் கட்டணத்துக்கு 20 வீத வற் வரியும் சேர்ந்துவிட்டது. ஆகவே காசு கட்டுகிறவர் கேள்வி கேட்கத்தான் செய்வார்.

இங்கே நாம் கேட்பதில்லை. காரணம், சீக்கிரம் சேர்ப்பதை இலாபம் என்று நினைக்கிறோம். இரண்டாம் குறுக்குத்தெருவில் துணி வியாபாரம் செய்யும் ஒரு தம்பி, இரண்டு வருடங்களுக்கு முன்னர் என்னிடம் சொன்னார்: “நானா, அரச பாடசாலைக்குப் போனா ஜனவரி வரைக்கும் காத்திருக்கணும். இங்க இப்பவே எடுக்கிறாங்க. ஒரு வருஷம் மிச்சந்தானே?” பிள்ளை பிறந்தது ஆகஸ்ட் கடைசியில். நேர்முகத்தில் பிள்ளை அழுததாம். “எல்லாப் பிள்ளைகளும் அழும், பழகிவிடும்” என்று சொல்லி அன்றே நுழைவுக் கட்டணத்துக்குப் பற்றுச்சீட்டு எழுதிவிட்டார்கள்.

இயர் வன் முதல் தவணை அறிக்கையில் கவனம் போதாது, எழுத்து மந்தம், பென்சில் பிடிப்பது சரியில்லை என்று வந்தது. பரிகாரமாக அதே வகுப்பு ஆசிரியையிடம் மாலையில் டியூஷன் போடச் சொன்னார்கள். பிள்ளை காலையில் பாடசாலை, அஸருக்குப் பிறகு குர்ஆன் மத்ரஸா, அதற்குப் பிறகு டியூஷன் என்று மூன்று இடத்தில் வேலை செய்கிறது. கடையில் நிற்கும் பையனுக்குக்கூட நாம் அவ்வளவு நேரம் வேலை வைப்பதில்லை. அறிக்கையின் மேல் மூலையில் பிறந்த திகதி அச்சாகியிருந்தது. ஆசிரியையும் அதைப் பார்க்கவில்லை, வாப்பாவும் பார்க்கவில்லை. வீட்டில் அந்தப் பிள்ளைக்கு மக்கு என்று பெயர் விழுந்துவிட்டது. எனக்குக் கோபம் வந்தது அதற்குத்தான். கட்டிய காசு போனால் திரும்ப உழைக்கலாம்.

தொழுகையையே ஏழு வயதில்தான் ஏவச் சொல்லியிருக்கிறது நம் மார்க்கம். நாலு வயதுப் பிள்ளையின் கையில் கோடு போட்ட கொப்பியைக் கொடுத்து அவசரப்படுத்த நாம் யார்?

வியாபாரிகளான நமக்கு விளங்க வேண்டிய இன்னொரு விடயம் உண்டு. 1960, 1961ஆம் ஆண்டுகளில் உதவி பெறும் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றபோது, கட்டாயக் கல்வி வயதுப் பிள்ளைகளுக்குப் புதிதாகத் தனியார் பாடசாலை தொடங்கும் வழியும் அடைபட்டது. பிற்காலத்தில் வந்த சர்வதேச பாடசாலைகள் பெரும்பாலும் கம்பனிச் சட்டத்தின் கீழ் கம்பனிகளாகப் பதிந்துகொண்டு நடப்பது இதனால்தான். அது குற்றமில்லை. நல்ல கம்பனிகளும் உண்டு, அங்கே நன்றாகப் படித்து வந்த பிள்ளைகளையும் எனக்குத் தெரியும். ஆனால் கம்பனியோடு பேசும்போது கம்பனியோடு பேசுவதுபோல் பேச வேண்டும். நாலு வயதில் பிள்ளையை எடுத்தால் யாருக்கு ஒரு வருடக் கட்டணம் முந்தி வருகிறது? “உங்கள் பிள்ளை தயார்” என்று சொல்பவரே பற்றுச்சீட்டும் எழுதுகிறார் என்றால், அந்தச் சொல்லை அதற்குரிய விலைக்குத்தான் எடுக்க வேண்டும்.

கட்டணமும் ஒரு வருடக் கணக்கல்ல, பன்னிரண்டு பதின்மூன்று வருடக் கணக்கு. முடிவில் எழுதும் இலண்டன் பரீட்சைகளுக்குப் பணம் பவுணில் நிர்ணயமாகிறது. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாய் அளவில் நின்ற டொலர் மே மாதத்தில் 360ஐத் தொட்டபோது எத்தனை வாப்பாமார் நடுவழியில் பிள்ளையை இறக்கினார்கள் என்று புறக்கோட்டையில் எல்லோருக்கும் தெரியும். கடனட்டையில் வட்டி கட்டிப் பிள்ளை படிப்பிப்பதை விட, வீட்டுப் பக்கத்து முஸ்லிம் பாடசாலையில் பரகத் அதிகம் என்பது என் அபிப்பிராயம். சிலர் இதற்கு என்னோடு கோபிப்பார்கள், பரவாயில்லை.

ஆகஸ்ட் பிள்ளையை வைத்திருக்கும் ஒருவர் இன்று என்னிடம் கேட்டால், முதலில் நல்ல முன்பள்ளியில் இன்னும் ஒரு வருடம் விளையாட விடுங்கள் என்பேன். பிறகு அரச பாடசாலையோ, ஜனவரியில் வருடம் தொடங்கும் தனியார் பாடசாலையோ பாருங்கள், எல்லாத் தனியார் பாடசாலைகளும் செப்டம்பரில் தொடங்குவதில்லை. செப்டம்பர் பாடசாலைதான் வேண்டும் என்றால், பிள்ளையை ஒரு வகுப்பு கீழே சேர்க்க முடியுமா என்று காசு கட்டுவதற்கு முன்னர் கேளுங்கள். சம்மதித்தால் அதை எழுத்தில் வாங்குங்கள். வாயால் சொன்ன அதிபர் அடுத்த வருடம் அந்தக் கதிரையில் இருக்கமாட்டார். பின்னர் ஒரு வகுப்பைத் தாண்டவைத்து மேலே தள்ளமாட்டோம் என்ற வார்த்தையும் அதில் இருக்கட்டும். நுழைவுக் கட்டணத்தில் எது திரும்ப வரும், எது வராது, முதல் தவணைக்குள் விலகினால் எவ்வளவு கிடைக்கும், வருடா வருடம் எத்தனை வீதம் கூட்டுகிறார்கள் என்பதையும் கேட்டுவிடுங்கள்.

பாடசாலையைப் பார்க்கப் போவதென்றால் பலூன் கட்டிய நாளில் போக வேண்டாம். சாதாரண ஒரு புதன்கிழமை பதினொரு மணிக்குப் போய், முதலாம் வகுப்பில் ஆகக் குறைந்த வயதுப் பிள்ளை எது என்று ஆசிரியையிடம் கேளுங்கள். பட்டியலைப் பாராமலே கையைக் காட்டினால் தைரியமாக விண்ணப்பம் வாங்கலாம். ஒஃபிஸில் கேட்டுச் சொல்கிறேன் என்றால், அடுத்த பாடசாலையையும் ஒரு தடவை பார்த்துவிட்டு வாருங்கள்.