புயலும் பட்டாவும்

பருவநிலை மாற்றத்தைத் தீவிர இலக்கியம் ஏன் பேச மறுக்கிறது என்ற கேள்வியை 2016-இல் வெளிவந்த ‘தி கிரேட் டிரேஞ்ச்மென்ட்’ நூலில் அமிதவ் கோஷ் எழுப்பினார். அதை ஒருவர் கதையாக்கினால், அறிவியல் புனைகதை என்று சொல்லித் திண்ணையில் உட்கார வைத்துவிடுகிறோம் என்பது அவரது மனக்குறை. பிறரை மட்டும் அவர் சாடவில்லை. 1978 மார்ச் 17 அன்று வடக்கு டெல்லியைத் தாக்கிய சுழற்காற்றில், அப்போது மாணவராக இருந்த அவரே சிக்கிக்கொண்டார். அந்த அனுபவத்தை நாவலுக்குள் கொண்டுவரப் பலமுறை முயன்றும் இயலவில்லை என்று எழுதுகிறார். வாழ்வில் நடந்தே விட்ட ஒன்று, புனைவில் நம்பத்தகாததாகி நிற்கிறது.

இதற்கு அவர் கூறும் காரணம் முக்கியமானது. யதார்த்தவாத நாவல் அன்றாடத்தின் மீதும், நிகழக்கூடியவற்றின் மீதும் எழுப்பப்பட்டது. திடீர்ப் பேரழிவை அது ஐயத்தோடே பார்க்கும். போதாததற்கு, நாவல் என்பது தனிமனிதனின் அறப்பயணம் என்ற நம்பிக்கை வேறு. எண்ணெய் வளம் ஒரு சமூகத்தையே புரட்டிப்போட்டதைச் சொல்லும் அப்துர் ரஹ்மான் முனிஃபின் நாவலை, அத்தகைய தனிமனிதன் அதில் இல்லை என்று ஜான் அப்டைக் குறைகூறியதை கோஷ் சுட்டிக்காட்டுகிறார்.

நோயை அவர் சரியாகவே கண்டிருக்கிறார். ஆனால் இயற்கையின் அழிவை எப்போதும் புயலின் வடிவில்தான் நாம் காண வேண்டுமா? பெரும்பாலான அழிவுகள் மிகச் சாதாரணமானவை. ஒரு மேசை, ஒரு பேரேடு, ஒரு கையெழுத்து போதும். இதைச் சொல்ல யதார்த்தவாதத்தைவிடப் பொருத்தமான வடிவம் இல்லை என்றே கருதுகிறேன்.

கோஷின் தாய்மொழியான வங்காளத்திலேயே இதற்குச் சான்று உண்டு. விபூதிபூஷண் பந்தோபாத்யாயவின் ‘ஆரண்யக்’, தமிழில் த.நா. சேனாபதியின் மொழிபெயர்ப்பில் ‘வனவாசி’யாக நமக்குக் கிடைத்த நாவல். கல்கத்தாவில் வேலையற்றுத் திரிந்த சத்தியசரண் பீகார் காட்டுப்பகுதியில் ஒரு ஜமீனின் மேலாளராகிறான். காட்டைத் துண்டுபோட்டுக் குடியானவர்களுக்குக் குத்தகைக்கு விடுவது அவன் வேலை. காடு மெல்ல அவனை ஆட்கொள்கிறது. எங்கிருந்தோ கொண்டுவந்த பூச்செடிகளை எந்தப் பயனும் கருதாமல் காட்டில் நட்டுவைக்கும் யுகலப்பிரசாத் அவனுக்கு நண்பனாகிறான். ஆனாலும் கையெழுத்திடும் கை நிற்பதில்லை. தான் நேசித்ததைத் தானே அழித்தவன் கடைசியில் வனதேவதைகளிடம் மன்னிப்புக் கோருகிறான். இங்கே புயல் இல்லை, வில்லனும் இல்லை. அப்டைக் கேட்ட தனிமனித அறச்சிக்கல் மட்டும் முழுமையாக இருக்கிறது.

இந்நாவல் அழகு ஆராதனையோடு நின்றுவிடவுமில்லை. மேலாளர் வந்திருக்கிறார், சோறு கிடைக்கும் என்று நெடுந்தொலைவு நடந்து வருகிற மனிதர்களை விபூதிபூஷண் காட்டுகிறார். நிலம் அவர்களுக்கும் வேண்டும். காடு அழியக் கூடாது என்று சொல்பவன் அந்தப் பசிக்கு என்ன பதில் வைத்திருக்கிறான்? இலக்கியமும் சமூகமும் சூழலும் ஒன்றையொன்று தொடும் இடம் இதுதான். பசுமை முழக்கங்கள் வசதியாகத் தாண்டிச் செல்லும் இடமும் இதுவே.

2015 டிசம்பரில் சென்னை மூழ்கியபோது மழையின் அளவைப் பற்றியே அதிகம் பேசினோம். பெருமழை கோஷ் சொல்லும் எதிர்பாராத நிகழ்வுதான். ஆனால் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் குப்பைமேடாகவும் சாலையாகவும் கட்டடங்களாகவும் சுருங்கியது ஒரே இரவில் அல்ல. பல ஆண்டுகள், பல கோப்புகள், முறையாக வைக்கப்பட்ட பல முத்திரைகள். வீடு வாங்கியவர்களும் கொடியவர்கள் அல்லர். தலைக்கு மேல் ஒரு கூரை வேண்டியிருந்தவர்கள்.

வெள்ளத்தை எழுதும் நாவல்கள் வரட்டும். ஆனால் ஏரியை மனையாக அளந்து கொடுத்துவிட்டு, மாலையில் வீடு திரும்பித் தன் பிள்ளைக்குக் கதை சொன்ன ஒரு நில அளவையாளரின் நாவலுக்காகவே நான் அதிகம் காத்திருக்கிறேன். அவரை நம்மால் வெறுக்க முடியாது. வெறுக்க முடியாததனாலேயே நம்மை நாம் அவரில் காண நேரும்.