காணாத பறவையின் கணக்கு

இந்திய தேசிய காங்கிரஸைத் தோற்றுவித்தவர்களுள் ஒருவராக மட்டுமே நம் பள்ளிப் பிள்ளைகள் அறிந்திருக்கும் ஆலன் ஆக்டேவியன் ஹ்யூம், அதே 1885ஆம் ஆண்டில், தாம் பல்லாண்டுகளாகச் சேகரித்து வைத்திருந்த பறவைத் தோல்களும் கூடுகளும் முட்டைகளுமாகச் சுமார் 82,000 பொருள்களை லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்துக்கு இனாமாகக் கொடுத்துவிட்டுப் பட்சி சாஸ்திரத்திலிருந்தே ஏறக்குறைய விலகிக்கொண்டார் என்பதும், அந்த வைராக்கியத்துக்கு முக்கியமான காரணம் அவர் வீட்டு வேலைக்காரன் ஒருவன் செய்த காரியம் என்பதும் பலர் அறியாத விஷயங்கள். சிம்லாவில் மாளிகை போன்ற தம் வீட்டில் அவர் இல்லாத ஒரு சமயத்தில், கால் நூற்றாண்டுக் காலம் தாம் கண்டவற்றையும் நாடெங்கும் இருந்த நண்பர்கள் எழுதி அனுப்பியவற்றையும் தொகுத்து அவர் எழுதி வைத்திருந்த கையெழுத்துப் பிரதிகளில் பெரும்பகுதி, பழைய காகிதமாகக் கடைத்தெருவில் எடைக்குப் போடப்பட்டுவிட்டது. தோல்கள் இங்கிலாந்தில் இன்றும் பத்திரமாக இருக்கின்றன. குறிப்புகள் எந்தக் கடையில் எந்தச் சாமானுக்குப் பொட்டலமாயின என்பதை ஆண்டவனே அறிவான்.

ஒரே பிரதி, ஒரே வீடு, ஒரே மனிதர் என்று இருந்ததால் நேர்ந்த நஷ்டம் இது. ஆனால் ஹ்யூமின் காகிதங்கள் ஒரு தாள்கூடக் குறையாமல் நமக்குக் கிடைத்திருந்தாலும், இன்றைய ஆராய்ச்சியாளர் கேட்கிற ஒரு கேள்விக்கு அவை விடை சொல்லியிருக்குமா என்பது சந்தேகமே. அந்தச் சந்தேகத்துக்கு நம்முடைய சேலத்திலேயே சாட்சி இருக்கிறது.

1929ஆம் ஆண்டில் ஆர்தர் வெர்னே என்னும் தனவந்தரின் பொருளுதவியால் கிழக்குத் தொடர்ச்சி மலைகளில் ஒரு பறவை ஆய்வு தொடங்கிற்று. அந்தக் குழுவினர் சேர்வராயன் மலையிலும் சித்தேரி மலையிலும் குரும்பப்பட்டியிலும் தங்கிப் பறவைகளைச் சுட்டுச் சேகரித்தார்கள். அவற்றை வைத்து ஹ்யூ விஸ்லரும் கின்னியரும் எழுதிய நீண்ட கட்டுரைத் தொடர் 1930களில் பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தின் பத்திரிகையில் வெளிவந்தது. குரும்பப்பட்டி என்றதும் மிருகக்காட்சிச் சாலையையும் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தையும் மட்டுமே நினைக்கும் சேலத்துக்காரர்கள், அந்த மலையடிவாரத்துப் பறவைகளின் தோல்கள் இனம், இடம், தேதி எழுதிய சீட்டுகளோடு தூர தேசத்து மியூசியங்களில் உறங்குகின்றன என்று அறிந்தால் சற்றே வியப்படைவார்கள். அந்த உழைப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. இன்ன இடத்தில் இன்ன நாளில் இன்ன பறவை இருந்தது என்பதற்கு அதைவிடத் திடமான பிரமாணம் வேறு இல்லை. ஆனால் அங்கே பத்து நாள் அலைந்தும் காணக் கிடைக்காத பறவை எது, எத்தனை மணி நேரம் தேடினார்கள், கண்டும் சுடாமல் விட்டவை எத்தனை என்ற விவரங்களை அந்தச் சீட்டுகளைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வழியில்லை. ஆகவே அன்று இருந்ததைவிட இன்று ஒரு பறவை குறைந்திருக்கிறதா, கூடியிருக்கிறதா என்று கேட்டால், அவ்வளவு பெரிய சேகரமும் நமக்கு மௌனத்தையே பதிலாகத் தருகிறது.

ராசிபுரத்திலிருந்து நாமக்கல்லுக்கும் அங்கிருந்து பரமத்திக்கும் செல்லும் சாலைகளில், மின்கம்பிமேல் தலையைச் சற்றே உள்ளிழுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்து, பறக்க எழும்போது மட்டும் யாரோ நீலப் பட்டுச் சேலையை உதறி விரித்தாற்போல் சிறகு காட்டும் பனங்காடையை இதற்கு உதாரணமாகக் கொள்ளலாம். பட்டுப்போன பனைமரத்தின் பொந்தில் குஞ்சு பொரித்து, புஞ்சைக் காட்டுப் பூச்சிகளைத் தின்று வாழும் இந்தப் பறவை, நம் சமவெளிக்கே உரிய பிரஜை என்று சொல்லத்தக்கது. இது குறைந்துவருகிறது என்று 2023இல் வெளிவந்த ‘இந்தியப் பறவைகளின் நிலை’ அறிக்கை தெரிவித்தது. பன்னிரண்டு ஆண்டுகளில் நாடு முழுவதுமாகச் சுமார் 30 சதவீதம் சரிவு என்பது அதன் கணிப்பு. கம்பிமேல் உட்கார்ந்திருக்கும் பறவையை யாரும் தலையெண்ணிக் கணக்கெடுக்கவில்லையே, பின் இந்த 30 எங்கிருந்து வந்தது என்று வாசகர் கேட்டால், அது நியாயமான கேள்வியே.

2002ஆம் ஆண்டு அமெரிக்காவின் கார்னெல் சர்வகலாசாலையைச் சார்ந்த பறவையியல் ஆய்வகமும் ஆடுபான் சங்கமும் தொடங்கிய ‘ஈ-பேர்ட்’ என்னும் பொதுப் பதிவேட்டில், பறவை பார்க்கிறவர் எவரும் தாம் எங்கே, எந்த நேரத்தில், எவ்வளவு நேரம் பார்த்தார் என்பதோடு தாம் கண்ட எல்லாப் பறவைகளையும் பட்டியலாக எழுதிச் சேர்க்கலாம். அப்படிச் சேர்ந்ததை ஆராய்ச்சிக்காக எவரும் கேட்டுப் பெறலாம். சேலம் பறவையியல் கழகத்தைச் சேர்ந்த இளைஞர்களும், ஆண்டுதோறும் பொங்கல் விடுமுறையில் நடக்கும் பறவைக் கணக்கெடுப்பில் கரும்பும் கையுமாகக் கலந்துகொள்ளும் மாணவர்களும் எழுதுவது இத்தகைய பட்டியல்களைத்தான். மேற்சொன்ன அறிக்கைக்கு ஆதாரமாக இருந்தவை சுமார் 30,000 பேர் எழுதிய 3 கோடிக்கு மேற்பட்ட பதிவுகள். 2020இல் வந்த முதல் அறிக்கைக்கு ஆதாரமாக இருந்தவை சுமார் 15,500 பேர் எழுதிய 1 கோடிக்கு மேற்பட்ட பதிவுகளே.

இங்கேதான் புள்ளிவிவர சாஸ்திரத்தின் உதவி வேண்டியிருக்கிறது. பார்ப்பவர் தொகை ஆண்டுக்காண்டு பெருகும்போது பதிவுகளும் பெருகும். அவற்றை வெறுமனே கூட்டிப் பார்த்தால் அழிந்துகொண்டிருக்கும் பறவைகூட அமோகமாகப் பெருகுவதுபோல் தோன்றும். ஒரு பேச்சுக்கு, முன்பு 20 பட்டியல்கள் எழுதப்பட்டு அவற்றில் 10இல் பனங்காடை இருந்ததென்றும், இப்போது 1000 பட்டியல்களில் 300இல் அது இருக்கிறதென்றும் வைத்துக்கொள்வோம். பதிவு முப்பது மடங்கு உயர்ந்துவிட்டது. ஆயினும் நூற்றுக்கு ஐம்பது பட்டியல்களில் தென்பட்ட பறவை இன்று முப்பதில்தான் தென்படுகிறது. இந்த விகிதத்தைக் கணக்கிடுவதற்கு, பறவை இல்லாத 700 பட்டியல்கள் இன்றியமையாதவை. கண்டதை எல்லாம் எழுதினேன் என்று ஒருவர் உறுதி சொல்லும்போது, எழுதாதது எதுவோ அதைக் காணவில்லை என்பதும் சொல்லாமலே சொல்லப்பட்டுவிடுகிறது. வெர்னே குழுவின் சீட்டுகளில் இல்லாமற்போனது இதுதான்.

அப்படியும் சிக்கல் தீர்ந்துவிடுவதில்லை. நீண்ட நேரம் நின்று எழுதிய பட்டியலில் பறவைகள் அதிகம் இருக்கும்; நகரத்தைச் சுற்றி ஆயிரம் பட்டியல்களும் பக்கத்துத் தாலுகாவில் நான்கும் இருந்தால், நாட்டின் நிலை என்ற பெயரில் நகரத்தின் நிலையே வெளிப்படும். எனவே தேசத்தைக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டமும் தனக்குரிய அளவுக்கு மட்டுமே பேசும்படி செய்து, பட்டியலின் நீளத்தையும் கணக்கில் கொண்டு, கடைசியில் கிடைக்கும் எண்ணுக்கு இருபுறமும் எவ்வளவு ஐயம் உண்டு என்பதையும் சேர்த்தே சொல்கிறார்கள். பனை குறைந்ததால் பனங்காடை குறைந்ததா, பூச்சிமருந்தாலா, வேறெதனாலா என்பதை இந்த எண்கள் தாமாகச் சொல்வதில்லை. செங்கற்சூளைக்குப் போகும் பனைகளைப் பார்க்கும்போது எனக்கும் ஓர் அபிப்பிராயம் உண்டு. ஆனால் அபிப்பிராயம் வேறு, நிரூபணம் வேறு.

சிட்டுக்குருவியின் கதை இதற்கு நேர்மாறானது. செல்போன் கோபுரங்களால் குருவி இனமே அழிகிறது என்று ஊரெல்லாம் நம்பி, அதை வைத்து ‘2.0’ என்று கோடிக்கணக்கில் செலவழித்துத் திரைப்படமும் எடுத்தாயிற்று. 2020ஆம் ஆண்டு அறிக்கையோ, பெருநகரங்களில் குருவி குறைந்திருப்பது உண்மையாயினும், நாடு முழுவதையும் நோக்கினால் கால் நூற்றாண்டாக அது ஏறக்குறைய நிலையாகவே இருக்கிறது என்று காட்டிற்று. குருவிக்காகக் கண்ணீர் விட்ட நேரத்தில் பாதியைப் பனங்காடைக்குக் கொடுத்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஈ-பேர்டில் நடப்பதுபோல் விவரங்களை எல்லாரோடும் பகிர்வதால் ஆராய்ச்சியாளருக்கு நேரும் சங்கடங்களும் உண்டு. பறவைகளைப் பற்றி முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்யும் மாணவர் ஒருவரிடம் இதைப்பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது, “அஞ்சு வருஷம் வெயில்ல அலைஞ்சு எடுத்த கணக்குங்க, கேட்டவங்களுக்கெல்லாம் குடுத்துட்டா எனக்கு என்னங்க மிஞ்சும்?” என்று அவர் கேட்டார். அவர் சம்பளமும் எதிர்காலமும் அந்தக் கணக்கில் இருக்கின்றன. வசதியுள்ள ஆய்வகம் ஒன்று அதை எடுத்து ஒரே மாதத்தில் கட்டுரை பிரசுரித்துவிடுமோ என்ற பயத்தைப் பேராசை என்று தள்ளிவிட முடியாது. பிரசுரமான பிறகும் சில காலம் விவரங்களைப் பூட்டி வைக்க அனுமதிக்கும் வழக்கமும், எடுத்தாளுபவர் சேகரித்தவரின் பெயரைச் சொல்லியே ஆகவேண்டும் என்ற நியமமும் இந்தப் பயத்தை மதித்து ஏற்பட்டவைதாம். நட்சத்திர ஆமையைப்போல் கள்ள வியாபாரத்தில் விலைபோகும் பிராணிகளின் இருப்பிடத்தைத் துல்லியமாக வெளியிடுவது வேட்டைக்காரனுக்கு வழி காட்டுவதாகும் என்பதால், அத்தகைய இடங்களை மறைத்து வைப்பதும் சரியே.

இருந்தும், பூட்டி வைத்தால் வரும் தீங்கு பெரிது. பரிணாமம், சூழலியல் ஆகிய துறைகளின் முக்கியமான சில பத்திரிகைகள் 2011 முதல், கட்டுரைக்கு ஆதாரமான விவரங்களைப் பொதுக் களஞ்சியத்தில் வைக்கவேண்டும் என்று விதித்தன. 2020ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் சிலந்திகளின் நடத்தை பற்றிய கட்டுரை ஒன்றை ‘அமெரிக்கன் நேச்சுரலிஸ்ட்’ பத்திரிகை திரும்பப் பெற்றது. ஒரே எண்கள் இயற்கைக்கு ஒவ்வாத வகையில் மீண்டும் மீண்டும் வருவதைக் கண்டு, கட்டுரையின் கூட்டாசிரியர்களுள் ஒருவரே எடுத்துரைத்ததன் விளைவு அது. எண்கள் பிறர் கண்ணில் படும்படி இருந்திராவிட்டால், அந்தக் கட்டுரை இன்றும் கௌரவமாக மேற்கோள் காட்டப்பட்டுக்கொண்டிருக்கும்.

மோசம் ஏதுமில்லாத இடத்திலும் திறந்த விவரம் அவசியம் என்பதற்கு இன்னொரு பரிசோதனை இருக்கிறது. ஒரே விவரத்தைப் பல குழுக்களிடம் கொடுத்து ஒரே கேள்விக்கு விடை காணச் சொன்னார்கள். நீலச் சிட்டு என்னும் ஐரோப்பியப் பறவையின் கூட்டில் உடன்பிறப்புகள் அதிகமானால் குஞ்சின் வளர்ச்சி குன்றுமா என்பது ஒரு கேள்வி, யூக்கலிப்டஸ் நாற்று முளைப்பதைப் புல் தடுக்குமா என்பது மற்றொன்று. 174 குழுக்களாக 246 பேர் கணக்கிட்டார்கள். முதல் கேள்வியில் பெரும்பாலோர் குன்றும் என்றே கண்டாலும், எவ்வளவு என்பதில் ஏகப்பட்ட வித்தியாசம். இரண்டாவதில் பெரும்பாலான விடைகள் பூஜ்யத்தை ஒட்டியே நிற்க, சில இப்புறமும் சில அப்புறமுமாக வெகுதூரம் விலகிப்போயின. எவரும் பொய் சொல்லவில்லை. எந்தப் பதிவைச் சேர்ப்பது, எதை விடுவது, எந்தச் சூத்திரத்தைக் கையாள்வது என்று ஒவ்வொரு குழுவும் செய்துகொண்ட நியாயமான முடிவுகளே விடையைத் திசைக்கொன்றாக இழுத்தன. ஆகவே ஆய்வாளர் தம் எண்களை மட்டும் வெளியிட்டால் போதாது. கணக்கிட்ட வழியையும், கணினிக்குக் கொடுத்த நிரல் உட்பட, வெளியிடவேண்டும்.

நாமக்கல்காரர்களுக்கு இது எளிதில் விளங்கும். முட்டை ஒருங்கிணைப்புக் குழு அறிவிக்கும் விலை எல்லாருக்கும் தெரிந்த எண். ஆனால் பண்ணையாளர் கைக்கு நெடுங்காலம் வந்தது அதிலிருந்து வியாபாரி ‘மைனஸ்’ கழித்த தொகை. அந்த மைனஸ் எவ்வளவு என்று தெரியாதவன் அறிவித்த விலையை வைத்துக்கொண்டு லாபநஷ்டக் கணக்குப் போட்டால் அவன் பாடு திண்டாட்டம்தான்.

நம் பகுதியின் பட்டியல்களிலும் இப்படிக் கழித்துப் பார்க்கவேண்டிய பங்கு ஒன்று உண்டு. பறவை பார்ப்பவர் ஏற்காட்டுக்குப் போகிறார், கொல்லிமலைக்குப் போகிறார், கன்னங்குறிச்சி மூக்கனேரியின் கரையில் நின்று நாமக்கோழியையும் நீர்க்காகத்தையும் எண்ணுகிறார். அழகு எங்கே இருக்கிறதோ அங்கே கால் போவது மனித சுபாவம். கோழிப்பண்ணைக் கொட்டகைகளுக்கு நடுவிலும் மரவள்ளிக் காட்டிலும் வேலை மெனக்கெட்டுப் போய் நிற்பவர் அபூர்வம். பனங்காடை இருப்பதோ அங்கேதான். 2015 முதல் 2020 வரை கேரளத்தார் தங்கள் மாநிலத்துக்குப் பறவை வரைபடத் தொகுதி தயாரித்தபோது, எங்கே போவது என்று தீர்மானிக்கும் உரிமையைப் பார்ப்பவரிடமிருந்து பறித்து, மாநிலத்தைக் கட்டங்களாக்கித் திருவுளச்சீட்டுப்போல் பொறுக்கியெடுத்த இடங்களுக்குத் தொண்டர்களை அனுப்பினார்கள். ரப்பர்த் தோட்டம் விழுந்தாலும் ரயிலடி விழுந்தாலும் அங்கே போய் நின்று, பதினைந்து நிமிஷம் எண்ணி, கண்டதைக் கண்டபடி எழுதவேண்டும். ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் இப்படி எழுதிய 25,000 பட்டியல்களும் அவற்றில் அடங்கிய 3 லட்சம் பதிவுகளும் இன்று பொதுச்சொத்து.

சேலத்திலும் நாமக்கல்லிலும் விலங்கியல், தாவரவியல் துறைகள் உள்ள கல்லூரிகள் பல இருக்கின்றன. ஆண்டுதோறும் செயல்திட்டம் என்று மாணவர்கள் எதையாவது எண்ணிக்கொண்டும் இருக்கிறார்கள். எண்ணியது புத்தகமாகக் கட்டப்பட்டு, தங்க எழுத்து அச்சிடப்பட்டு, துறை அலமாரியில் ஏறுகிறது. அலமாரி நிறைந்தவுடன் பழைய கட்டுகளை எங்கே போடுகிறார்கள் என்று நான் ஒரு கல்லூரி நூலக உதவியாளரிடம் கேட்டேன். பேப்பர்க்காரருக்குத்தானுங்க, என்றார்.