வாசலில் நிற்கும் நாய் யாருடையது?

2025ஆம் ஆண்டில் தெருநாய்கள் நாடெங்கும் பேசுபொருளாயின. டெல்லித் தெருநாய்களை எல்லாம் பிடித்துக் காப்பகங்களில் அடைக்கும்படி ஆகஸ்டு 11 அன்று உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. ஆகஸ்டு 22 அன்று மூன்று நீதிபதிகள் அமர்வு அதை மாற்றியது. கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விட வேண்டும். வெறிநோய் கண்டவற்றையும் கடிக்கும் குணமுள்ளவற்றையும் மட்டும் விடக்கூடாது என்றது. பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலைய வளாகங்களில் பிடித்தவற்றை மீண்டும் அங்கே விடக்கூடாது என நவம்பர் 7 அன்று கூறியது.

நாயை அஞ்சுவோரும் நாயை நேசிப்போரும் இரு அணியாகப் பிரிந்து வாதிட்டனர். இரு அஞ்சலுக்கும் நடுவே ஒரு கேள்வி மறந்துபோனது: இந்த நாய்கள் எங்கிருந்து வந்தன?

தெருவில் பிறந்தவை பல. ஆனால் நம் வீடுகளிலிருந்து போனவையும் உண்டு. பெட்டைக்குட்டி என்றால் சாக்கில் கட்டி ஊர் எல்லையில் விட்டுவிடுகிறோம். நம் தருமபுரி மாவட்டத்திலிருந்து பெங்களூருக்கும் திருப்பூருக்கும் பிழைக்கப் போகிறவர்கள் வீட்டைப் பூட்டும்போது, நாய் வாசலிலேயே நின்றுவிடுகிறது. பசித்த நாய்கள் கூட்டம் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதைக் காங்கேயம் பகுதியில் பட்டி ஆடுகளை இழந்த விவசாயிகள் அறிவார்கள். வெறிநோயின் அறிகுறி தோன்றிவிட்டால் மனிதரைக் காப்பாற்றுவது ஏறக்குறைய இயலாது.

விலங்கைப் பட்டினிக்குக் கைவிடுவது 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். ஆனால் முதல் குற்றத்துக்கு அச்சட்டம் விதித்த அபராதம் 10 முதல் 50 ரூபாய்தான்! ஆகவே சட்டத்தை மட்டும் நம்ப முடியாது. வழிதவறிய பிறர் மாட்டைக் கண்டும் காணாததுபோல் போகாதே, உரியவர் தெரியாவிட்டால் அவர் தேடி வரும்வரை உன் வீட்டில் வைத்திரு என்கிறது இணைச்சட்ட நூல் (22:1-3).

நாம் செய்யக்கூடியவை எளியவை. வளர்க்கும் நாயின் கழுத்துப்பட்டையில் கைப்பேசி எண்ணை எழுதுவோம். ஆண்டுதோறும் வெறிநோய்த் தடுப்பூசி போடுவோம். கருத்தடை செய்வோம். ஊர் விட்டுப் போகும்முன் நாய்க்கு ஒரு வீடு தேடுவோம். வழிதவறி வந்த நாயைக் கண்டால் தேநீர்க் கடையிலும் பால் சொசைட்டியிலும் விசாரிப்போம். கடிபட்டவர் காயத்தைச் சோப்பும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, அன்றே அரசு மருத்துவமனைக்குச் செல்லட்டும். தெருநாய்க் கருத்தடை உள்ளாட்சியின் பொறுப்பு என்கின்றன 2023ஆம் ஆண்டு விதிகள். அடுத்த கிராம சபையில் அதைக் கேட்போமா?