பொழுதுபோக்கு தொழிலாகுமா?



பழுதான பொம்மை ரயில்களைச் செப்பனிடுவது என் பொழுதுபோக்கு. "இதையே தொழிலாக்கினால் என்ன?" என்று விடுதி நண்பர்கள் கேட்கின்றனர். காசு பட்டால் கலை கெடும் என்பார் சிலர். அக்கருத்து எனக்கு உடன்பாடன்று. உழைப்புக்குக் கூலி பெறுவது இழிவாகாது. ஆனால் ஆர்வம் மட்டுமே முதலாகிவிடாது.

எஞ்சின் ஓடவில்லை என்று ஒருவர் கொண்டு வருகிறார். பெரும்பாலும் பழுது சிறியதே. தண்டவாளத்திலும் சக்கரத்திலும் படிந்த அழுக்கு 12 வோல்ட் மின்சாரத்தைத் தடுத்திருக்கும். அல்லது மோட்டாரின் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கும். மாற்றும் பொருளின் விலை அற்பம். பழுதைக் கண்டுபிடிக்கவோ மூன்று மணி நேரம் ஆகலாம். எதற்குக் கூலி? "பொருளின் விலையைக் கொடுத்தால் போதாதா?" என்கிறார் வந்தவர். ஆர்வலரும் புன்னகையோடு தலையசைத்துவிடுகிறார். அந்தத் தலையசைப்பிலேயே தொழில் மடிகிறது! கண்டுபிடிப்பதே திறமை, அதற்கே கூலி கேட்க வேண்டும்.

முடியாததை முடியாது என்று சொல்லும் துணிவும் வேண்டும். இரண்டாம் உலகப் போருக்கு முன் வார்க்கப்பட்ட எஞ்சின்கள் சிலவற்றில், துத்தநாகக் கலவையில் காரீயம் கலந்துவிட்டது. ஆண்டுகள் செல்லச் செல்ல அவ்வார்ப்பு வெடித்து உதிரும். அதை எந்தப் பசையும் காப்பாற்றாது. பணம் வாங்குமுன் இதைச் சொல்பவரிடமே மக்கள் மீண்டும் வருவர்.

பெயர் மட்டும் சோறு போடுமா? 1859இல் தோன்றிய ஜெர்மனியின் மார்க்லின் நிறுவனம், 1891இல் லைப்சிக் சந்தையில் பொம்மை ரயில் பாதைகளுக்கு அளவு வகுத்துக் காட்டிய பெருமையுடையது. அதுவே 2009இல் கடன் தீர்க்க வழியின்றி நீதிமன்றத்தை நாடியது, பின்னரே மீண்டது. அத்தகைய நிறுவனத்துக்கே அந்நிலை என்றால், கணக்கெழுதாத நம் நிலை என்னாகும்?

நம் நாட்டிலும் இவ்வார்வத்துக்குக் குறைவில்லை. தனி ஒருவரின் பொழுதுபோக்கிலிருந்து வளர்ந்த சிற்றுருவ ரயில் காட்சிச்சாலை புனேயில் 1998 முதல் இருக்கிறது. ஆயினும் ஆர்வலர்கள் ஊருக்கு ஒருவராகச் சிதறிக் கிடக்கின்றனர். ஆதலால் படிப்பை விட்டுக் கடை திறக்க வேண்டா. மாதம் இரண்டு மூன்று எஞ்சின்களோடு தொடங்குங்கள். செலவிட்ட நேரத்தையும் நோட்டில் எழுதுங்கள்.

நண்பருக்கு இலவசமாகச் செய்யலாமா? தாராளமாகச் செய்யலாம். ஆனால் அன்பளிப்பு என்றே கணக்கில் எழுதுங்கள். அன்பளிப்பு அன்பளிப்பாகவும், கூலி கூலியாகவும் இருந்தால் நட்பும் நிலைக்கும், தொழிலும் நிலைக்கும்.